பெல்மோரா தீவு வங்கியில் நான் தலைமைக் காசாளர்

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை ஒரு தாளை உள்ளே தள்ளியது. எடுத்தேன். முத்திரையை மை அட்டையில் தொட்டு டப்பென்று குத்தினேன். கையெழுத்துப் போட்டேன். ‘வசிக்கும் இடம்’ என்று பிரெஞ்சில் அச்சடித்திருந்த கட்டத்தில் ‘பெல்மோரா தீவு’ என்று நிறுத்தி நிதானமாக எழுதித் தாளைத் திருப்பித் தள்ளினேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“மெர்சி சார்,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னது கம்பிக்கு அந்தப் பக்கக் குரல். “மூணு மாசமா அலையறேன். நீங்க ஒருத்தர்தான் மூஞ்சக் காட்டாம போட்டுக் குடுத்தீங்க.”

வெள்ளைப் புள்ளி போட்ட நீலப் புடவை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை, எழுபதைத் தாண்டிய வயது. அடடா, என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் என் பணி ஓய்வு விழாவையும், அதில் எனக்குப் போர்த்திய சால்வை பாதி விழாவில் வேறொருவர் தோளுக்குப் போனதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்த லாஸ்பேட்டை வாசகர் ஒருவர், “முப்பத்தாறு வருஷ வங்கி வேலையில் நீங்கள் ஒரு தப்புகூடச் செய்ததில்லையா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருப்பது எனக்குத் தெரியாமலில்லை.

ஐயா, அந்த முப்பத்தாறு வருஷத்தில் செய்யவில்லை. அதற்கப்புறம் பதினொரு நாள் இன்னொரு வங்கியில் வேலை பார்த்தேன். அங்கேதான் செய்தேன். அந்த வங்கி இருந்த தீவு உலகத்தில் எங்கேயும் இல்லை என்பதால், இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

தீவு பிறந்தது

ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. மூலக்குளத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு என் மனைவி சரோஜாவின் சமையலறையை நிர்வாகம் செய்துகொண்டிருந்தேன். பருப்பு டப்பாக்களில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டினேன். யார் மிளகாய்த்தூள் எடுத்தாலும் நோட்டில் குறிக்க வேண்டும் என்று விதி போட்டேன். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

“இன்னாங்க,” என்றாள் சரோஜா ஒரு நாள், கையில் கரண்டியோடு. “எங்கனா வேலைக்குப் போறீங்களா, இல்ல நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போவட்டா?”

அந்த வாரமே வேலை கிடைத்தது. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் ஏதோ வெப் சீரிஸ் எடுக்கிறார்கள், வங்கி விவரம் தெரிந்த ஆள் ஒருவர் தேவையாம் என்று என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் சொன்னார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

கலை இயக்குநர் நிவேதா என்கிற சென்னைப் பெண். முப்பது வயதிருக்கும். தலைமுடியில் பெயின்ட், காதில் பென்சில். அவள்தான் எனக்குக் கதை சொன்னாள். இந்துமாக்கடலில் பெல்மோரா என்று ஒரு குட்டித் தீவு. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்டது. இப்போது தமிழ் பேசுகிறார்கள். அங்கே ஒரே ஒரு வங்கி. அதைக் கொள்ளையடிக்கிறார்கள்.

நான் எடுத்த எடுப்பிலேயே விசாரணையைத் தொடங்கினேன். ஒரு வங்கி என்றால் அதற்கு ஊர் வேண்டும், ஊருக்குத் தொழில் வேண்டும்.

“தீவோட ஏற்றுமதி என்னம்மா?”

“நண்டு சார்.”

“இறக்குமதி?”

அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கடித்தாள். “பியானோ.”

“பியானோவா? ஜனத்தொகை எவ்வளவு?”

“சீனுக்குத் தேவைப்படற அளவு சார்.”

வங்கியின் வரலாற்றையும் அவளே எழுதி வைத்திருந்தாள். கப்பல் உடைந்து கரையேறிய பாதிரியார் ஒருவரும் மிளகு வியாபாரி ஒருவரும் சேர்ந்து தொடங்கியதாம். முதல் வைப்புத்தொகை அந்தப் பாதிரியாரின் பூட்ஸ். இதுவரை இருந்த ஒன்பது கவர்னர்களின் பெயர்ப் பலகை சுவரில் தொங்கியது. ஒன்பது பேரில் நாலு பேர் ஒரே குடும்பம். சந்தேகப்பட்டுக் கேட்டேன். “ஊழல் சார், அது ரெண்டாவது சீசன்ல வரும்,” என்றாள். ரூபாய் நோட்டுக்குப் பதில் பெல்மோரா ஃபிராங்க். அதில் அரசர் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தது.

இதெல்லாம் எனக்குச் சம்மதமே. ஆனால் அவள் கட்டியிருந்த வங்கியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தங்கக் கலர் தூண். சரவிளக்கு. சிவப்பு வெல்வெட் சோபா.

“இது பேங்கா, கல்யாண மண்டபமா?” என்று கேட்டேன்.

“லுக் ரிச்சா இருக்கணும் சார்.”

“பேங்குக்கு வர்றவன் உக்காந்தா எழுந்திரிக்க மனசு வரக்கூடாதா? அப்புறம் கவுண்டர எப்படிம்மா மூடறது?”

அன்றே சோபாவைத் தூக்கினேன். அந்த இடத்தில் ஒரு கால் ஆடும் மர பெஞ்சு போடச் சொன்னேன். கவுண்டருக்குக் கம்பி. கம்பியில் நூல் கட்டித் தொங்கும் பேனா. அந்தப் பேனா எழுதக்கூடாது. மூடி இறுகிப்போன கோந்து பாட்டில். பித்தளை டோக்கன். மதிய உணவு இடைவேளைக்கு ஓர் அட்டை, அதன் பின்பக்கத்திலும் மதிய உணவு இடைவேளை. புகார்ப் புத்தகம் ஒன்று. இந்த ஊர் வழக்கப்படி வாசலில் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர்ப்பலகை. ஒரு வட்ட முத்திரை, சுற்றிலும் பிரெஞ்சில் வங்கியின் பெயர், நடுவில் தென்னைமரமும் நண்டும். அதை ரப்பர் ஸ்டாம்ப் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துச் செய்து வாங்கினேன்.

நிவேதா அதையெல்லாம் பார்த்துவிட்டு, “சார், உள்ள நுழைஞ்சாலே கோவம் வருது சார். சூப்பர்!” என்றாள். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன்.

டைரக்டர் என்னைத் தலைமைக் காசாளராகவே நடிக்கச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வசனம். கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டுவான், நான் கையைத் தூக்கி “சாவி என்கிட்ட இல்ல” என்று சொல்ல வேண்டும். பதினாலு டேக் ஆனது. ஒவ்வொரு முறையும் என்னையறியாமல், “டோக்கன் வாங்கினீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கடைசியில் அதையே வசனமாக வைத்துக்கொண்டார்கள்.

வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள்

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு பெரியவர் பாஸ்புக்கோடு நின்றார். வில்லியனூரிலிருந்து வந்திருக்கிறார். என்ட்ரி போட வேண்டுமாம். இது ஷூட்டிங் என்றேன். “எல்லா பேங்குலயும் இதான் சொல்றாங்க,” என்று சலித்துக்கொண்டு போனார். அவர் எந்த ஞாபகத்தில் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டி, நகைக் கடன் வட்டி என்ன என்று விசாரித்தார்கள். பெங்களூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த நாலு பையன்கள் ஏ.டி.எம். எங்கே என்று கேட்டார்கள். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஒருவர், வெயிலுக்குக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று பெஞ்சில் படுத்தே விட்டார்.

இதில் வினோதம் என்னவென்றால் டைரக்டருக்கு இவர்களைத்தான் பிடித்தது. காசு கொடுத்துக் கூட்டிவந்த துணை நடிகர்கள் சிரித்த முகத்தோடு வரிசையில் நின்றார்கள். தானாக வந்தவர்கள் பல்லைக் கடித்தபடி, கடிகாரத்தைப் பார்த்து, முன்னால் நிற்பவரை முறைத்துக்கொண்டு நின்றார்கள். “இந்த எக்ஸ்ட்ராஸ் யாரு? பிச்சு உதர்றாங்க!” என்று அவர் மைக்கில் கத்தினார். யாரையும் துரத்தாதீர்கள், டோக்கன் கொடுத்து உட்கார வையுங்கள் என்று உத்தரவு வந்தது.

எனவே கவுண்டருக்கு வந்த தாள்களில் எது நிவேதா செய்து கொடுத்தது, எது நிஜ மனிதர் கொண்டுவந்தது என்று பார்க்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பெரும்பாலும் எல்லாமே நிவேதாவுடையவை. நண்டு ஏற்றுமதி உரிமம், பியானோ சுங்கவரி ரசீது, இப்படி. தள்ளினால் குத்துவேன்.

என் கையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்கு மூளையோடு தொடர்பு அறுந்து வெகுகாலமாகிறது. தாள் வந்தால் அது முத்திரையைத் தேடும். என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை முதலில் பார்க்கக் கொண்டுவந்தபோது, ‘பார்வையிட்டேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டார் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆக, ஏழாம் நாள், கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த நீலப் புடவை அம்மாள் தாளைத் தள்ளினார். நான் குத்தினேன். டைரக்டர் “ஓகே!” என்று கத்தினார். அந்த அம்மாள் திரும்பி டைரக்டரைப் பார்த்து, “மெர்சி, மெர்சி,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எந்தப் பேப்பர்?

அன்று சாயங்காலம் வேலை முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது நிவேதாவிடம் சொன்னேன்.

“எல்லாத்தையும்விட அந்தப் பிரெஞ்சு ஃபாரம் பிரமாதம்மா. அடியில பொடி எழுத்து, ஓரத்துல கிழிக்கறதுக்குப் புள்ளிக்கோடு. எப்படித்தான் செஞ்சியோ!”

“எந்த ஃபாரம் சார்?”

“அதான், உயிரோட இருக்கேன்னு சான்று கேக்கற ஃபாரம்.”

“நான் அப்படி எதுவும் பண்ணலயே சார்.”

அந்தப் படிவத்தை இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, தான் இன்னும் சாகவில்லை என்று ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். தேதி தவறினால் பணம் நின்றுவிடும். அதில் போய் நான் நண்டு முத்திரையைக் குத்தியிருக்கிறேன். போதாததற்கு அந்த அம்மாள் வசிப்பது பெல்மோரா தீவில் என்று என் கையாலேயே எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

பெயரும் தெரியாது, விலாசமும் தெரியாது. தலையில் கையை வைத்துக்கொண்டு அந்த ஆடும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் புகார்ப் புத்தகம் ஞாபகம் வந்தது. திறந்தேன். அன்றைய தேதியில், கோடு போட்டாற்போன்ற கையெழுத்தில் இருந்தது: ‘சிப்பந்தி நல்லவர். ஃபேன் காற்று வரவில்லை. பேனா எழுதவில்லை. இப்படிக்கு, மதாம் ஜோசபின், குருசுக்குப்பம்.’ கதவு எண்கூட எழுதியிருந்தார்.

குருசுக்குப்பத்தில் ஒரு வாக்குமூலம்

மறுநாள் காலை ஆறரைக்கே போய்விட்டேன். மதாம் ஜோசபின் வாசலில் உட்கார்ந்து சுதும்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்க சார், பேங்குக்காரரே! ஃபேன் ரிப்பேர் பண்ணியாச்சா?”

“மதாம், அந்தக் காகிதம் எங்க?”

“நேத்தே ரெஜிஸ்டர் தபால்ல போட்டுட்டேனே. இந்நேரம் மெட்ராஸ் போயிருக்கும்.”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அது வங்கி இல்லை, சினிமா செட். நான் காசாளர் இல்லை, நடிகன். தீவு இல்லை, கவர்னர்கள் இல்லை, நண்டு மட்டும் பொதுவாக உண்டு.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவ்ளோ பெரிய லைட்டு போட்டிருந்தாங்களே?”

“அது ஷூட்டிங் லைட்டு.”

“புது பேங்கு தொறந்திருக்காங்க, போட்டோ புடிக்கிறாங்கன்னு நெனச்சேன். போர்டுல பிரெஞ்சுல வேற எழுதியிருந்துது. நமக்குன்னே வந்திருக்கான் மவராசன்னு நெனச்சேன்.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “போன வாட்டி முத்திர மங்கலா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிச்சிட்டான் சார். அந்த ஆபீசுக்குப் போனா இந்த ஆபீசுக்குப் போன்றான். ஒருத்தரு லீவு, ஒருத்தரு சாப்பிடப் போயிருக்காரு. நான் எதிர்க்க நிக்கிறேன், மூச்சு உடறேன், பேசறேன். உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்க ஒரு ஆளு இல்ல. நீங்கதான் குடுத்தீங்க. அதுவும் பொய்யா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய கணவர் பிரான்சில் ஒரு பிஸ்கட் ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்து, அங்கேயே காலமானவர். பிள்ளைகள் இல்லை. வீட்டு வாடகை, சர்க்கரை மாத்திரை, அரிசி பருப்பு எல்லாமே அந்தப் பென்ஷனில்தான். நான் விளையாட்டாகக் குத்திய முத்திரை ஒரு மனுஷியின் சோற்றில் கை வைத்துவிட்டது.

அன்றே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முப்பத்தாறு வருஷம் கவுண்டருக்கு உள்ளே இருந்தவன், வெளியே வரிசையில் நின்றேன். ஒரு ஜன்னலில் சாப்பாட்டு நேரம் என்றார்கள். மணி பதினொன்று. நான் போட்ட சத்தத்தில் மதாமே என் சட்டையைப் பிடித்து இழுத்து, “உடுங்க சார், பாவம், அவங்களுக்கும் பசிக்குமில்ல,” என்றார். இரண்டாம் நாள் ஒரு நோட்டரியிடம் அசலான சான்று வாங்கிவிட்டோம். அதோடு, முதலில் வந்ததைத் தயவுசெய்து கிழித்துப்போடவும் என்று மதாமே பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி வைத்துத் தபாலில் சேர்த்தார். எனக்கு மூச்சு வந்தது.

பிரான்சிலிருந்து பதில்

இரண்டு மாதம் கழித்து மதாம் மூலக்குளத்துக்கே வந்துவிட்டார். நான் கதவைத் திறந்ததும் கடிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“படிங்க.”

எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுதான். தடுமாறினேன். அவரே பிடுங்கிப் படித்து, சரோஜாவுக்கும் எனக்குமாகத் தமிழில் சொன்னார்.

‘மதாம், பெல்மோரா தீவு வங்கி அளித்த சான்று தெளிவாகவும் முறையாகவும் உள்ளது. அது ஏற்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்துள்ள இரண்டாவது சான்றை ஏற்பதற்கில்லை. பெல்மோராவில் வசிப்பவர் உயிரோடிருப்பதை இந்தியாவில் உள்ளவர் எப்படி அறிவார்? இனி தங்கள் ஓய்வூதியம் தாங்கள் வசிக்கும் தீவின் வங்கிக்கே அனுப்பப்படும். கணக்கு விவரங்களைத் தெரிவிக்கவும். அதுவரை பணம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’

முத்திரை தெளிவாக இருந்தது என்று படித்த கணத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சரோஜா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“சிரிப்பு வருதா? அந்தம்மா சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க?”

மறுபடி எழுதினோம். அப்படி ஒரு தீவே கிடையாது என்று விளக்கினோம். பதில் வந்தது: தீவு இல்லை என்பதற்கான ஆவணம் எதுவும் கடிதத்துடன் இணைக்கப்படவில்லை. உலக வரைபடம் ஒன்றை வாங்கி, இந்துமாக்கடலைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, இங்கே இல்லை என்று அம்புக்குறி காட்டி அனுப்பினேன். அதற்கும் பதில் வந்தது: வரைபடத்தின் அளவு மிகச் சிறியது, குட்டித் தீவுகள் தெரிய வாய்ப்பில்லை.

இப்படியே மாதங்கள் ஓடின. நான் பணம் கொடுக்கப் போனால் மதாம் வாங்க மாட்டார். “உங்க காசு எனக்கு எதுக்கு? என் வூட்டுக்காரரு சம்பாதிச்சதுதான் எனக்கு வோணும்,” என்பார். ஆகவே சரோஜா ஒரு வழி கண்டுபிடித்தாள். வாராவாரம் கடிதம் எழுத வரச் சொல்லி, வந்தால் சாப்பிடாமல் விடமாட்டாள். போகும்போது பையில் அரிசியும் மாத்திரையும் எப்படியோ இருக்கும். மதாம் அதைப் பார்க்காதது மாதிரியே தூக்கிக்கொண்டு போவார். தையல் மிஷினை விற்றுத்தான் வாடகை கட்டினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வரும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. முதல் பத்து நிமிடம் திட்டு, அப்புறம் காபி, அப்புறம் கடிதம், அப்புறம் சரோஜாவும் அவரும் சேர்ந்து என் சமையலறை விதிகளைப் பற்றிச் சிரிப்பு. மிளகாய்த்தூள் நோட்டை மதாம் தினத்தாள் மாதிரி வரி விடாமல் படிப்பார்.

இந்த நடுவில் வெப் சீரிஸ் வெளியாகிவிட்டது. மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். என் வசனத்தை வெட்டிவிட்டார்கள். என் முழங்கை மட்டும் ஓரமாக வருகிறது. மதாமின் முகம் மட்டும் திரை முழுக்க, பெரிதாக, அந்தத் தாளை வாங்கிக்கொண்டு சிரிப்பது அப்படியே இருக்கிறது. சரோஜா அதை நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னாள். மதாம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அன்னிக்கு எம்மா சந்தோஷமா இருந்திருக்கேன் பாரு,” என்றார். நான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன்.

கடைசி நாள் அலுவல்

பிறகு ஒரு நாள் பிரான்சிலிருந்து பெரிய உறை வந்தது. பிரச்சினைக்கு முடிவு காண விரும்புவதாகவும், மதாம் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக அறிவித்தால் ஓய்வூதியம் உடனே தொடரும் என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு படிவம் வைத்திருந்தார்கள். தீவை விட்டு வெளியேறினார் என்று தீவின் அதிகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று முத்திரையிட்டுத் தர வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றே ஒன்றுதான்.

நான் முடியாது என்றேன். தெரியாமல் குத்தியது வேறு, தெரிந்தே குத்துவது வேறு. பிடித்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். அறுபத்தோரு வயதில் எனக்கு அது தேவையா?

“இல்லாத தீவுல எவன் வந்து உங்களப் புடிப்பான்?” என்றாள் சரோஜா. “மத்ததெல்லாம் உண்மதானே? அந்தம்மா இங்க இருக்காங்க. அங்க இல்ல. இதுல பொய் எங்க இருக்குது?”

யோசித்துப் பார்த்தேன். படிவத்தின் ஒவ்வொரு வரியும் உண்மைதான். மதாம் பெல்மோராவில் இல்லை. இனி அங்கே திரும்பும் எண்ணமும் அவருக்கு இல்லை.

நிவேதாவுக்குப் போன் செய்தேன். சென்னையில் ஏதோ கிடங்கில் கிடந்த முத்திரையைத் தேடி எடுத்து, பஸ் பார்சலில் போட்டுவிட்டாள். அதோடு, கேட்காமலேயே, ‘வங்கி மூடப்பட்டது’ என்று ஓர் அட்டையும் செய்து வைத்திருந்தாள். பின்பக்கம் மதிய உணவு இடைவேளை.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மதாமை எதிரே உட்கார வைத்தேன். சரோஜா டோக்கன் கேட்டாள். மதாம் அவள் கையைத் தட்டிவிட்டார். பெயர் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். வெளியேறிய தேதி என்ற இடத்தில், சினிமாக்காரர்கள் செட்டைப் பிரித்த தேதியை எழுதினேன். கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. தீவை விட்டு வெளியேறக் காரணம்.

“இன்னா எழுதறது?” என்றேன். “உடம்பு சரியில்லன்னு போடட்டுமா? புயல்னு போடலாம். நண்டுத் தொந்தரவுன்னுகூடப் போடலாம்.”

மதாம் சிரிக்கவில்லை. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுங்க, நானே எழுதறேன்,” என்று பேனாவை வாங்கினார். பிரெஞ்சில் ஒரே ஒரு வரி எழுதினார். தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

‘அங்கே எனக்குப் பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை.’

எப்போதும் தாளைக் கண்டால் பாயும் என் கை அன்று சும்மா கிடந்தது. இந்த முத்திரையைக் குத்திவிட்டால் மதாமுக்குப் பென்ஷன் வந்துவிடும். அப்புறம் வாராவாரம் இங்கே வரவும் என்னைத் திட்டவும் அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. அதை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. சரோஜா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். குத்தினேன்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, எங்கள் வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது மதாம் ரெக்ஸின் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நிறுத்தி வைத்த பணம் மொத்தமும் போன வாரமே வந்துவிட்டதாம். கடிதம் பின்னால் வந்திருக்கிறது. முதல் பத்தியில் கணக்கு, இரண்டாம் பத்தியில் சட்டம். கடைசி வரியை மட்டும் அவர் விரலை வைத்து நிறுத்திப் படித்தார்.

‘பெல்மோரா தீவை விட்டு வெளியேறத் தாங்கள் தெரிவித்துள்ள காரணம் நியாயமானது. அது ஏற்கப்பட்டது.’

படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தார். சரோஜா பக்கம் தட்டை நகர்த்தினார்.

“அவனுக்கே புரிஞ்சிருக்குது பாரு,” என்றார். “இன்னும் ரெண்டு கரண்டி போடு சரோஜா. அடுத்த வியாழக்கிழம நான் மீன் எடுத்தாரேன்.”